பொறுப்பாளர் என்ற மாறி

குடிநீர் வாரியத்தில் ஒரு வேலையைத் தொடங்குவதற்கு முன் அதற்கு ஒரு குழு அமைப்பார்கள். வேலை முடிவதற்கு முன் குழுவைக் கலைத்துவிடுவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் சந்தில் யாராவது தவறிப்போய் வேலை பார்த்துவிட்டால், அது யார் என்று கண்டுபிடிக்க இன்னொரு குழு அமைப்பார்கள். பென்சில் அப்படி ஒரு சந்தில் மாட்டிக்கொண்டவள்.

பென்சில் என்பது பட்டப்பெயர். கணினிப் பிரிவில் வேலை. கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். தேடும்போது மட்டும் அது இருக்கும் இடம் அவளுக்கு ஞாபகம் வராது. அந்தப் பெயரை வைத்தவள் ரிப்பன். ரிப்பனுக்கு அந்தப் பெயரை வைத்தவள் பென்சில், வேலையில் சேர்ந்த முதல் நாளே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவள் போல இரட்டைப் பின்னலும் ரிப்பனுமாக வந்து நின்றாள் என்பதற்காக. ஒரே நாளில் சேர்ந்தவர்கள். ஜன்னலோர பெஞ்சில் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். பென்சிலுக்குப் பெண் பிறந்தபோது நர்ஸ் கையிலிருந்து குழந்தையை முதலில் வாங்கியவள் ரிப்பன்தான். பென்சிலின் கணவர் அப்போது வாசலில் வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தை இன்றைக்கும் அவளைச் சித்தி என்றுதான் கூப்பிடுகிறது.

ரிப்பன் சமீபத்தில் நெறிமுறை அதிகாரி ஆகியிருந்தாள். இயக்குநர் சொல்வதைப் பிரிவுகளுக்கு எடுத்துச் சொல்வதும், பிரிவுகள் சொல்வதை இயக்குநர் காதில் விழாமல் பார்த்துக்கொள்வதும் அந்தப் பதவியின் வேலை.

"நீ மேல போயிட்ட. இனிமே என்னையெல்லாம் கண்ணுக்குத் தெரியுமா?" என்று பென்சில் கேட்டாள்.

"போடி. மேல ஒருத்தி இருந்தா உனக்குத்தான் நல்லது."

அதுவும் சரிதான் என்று பென்சில் நம்பினாள்.

நகரத்தில் எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் திறப்பது என்பதை ஒரு புரோகிராம் முடிவு செய்துகொண்டிருந்தது. அது ஓடிய சர்வருக்கு வயதாகிவிட்டது. அது மூச்சுவிட மறந்த நாட்களில் தெருக்கள் குடத்தோடு நின்றன. பென்சில் ஒரு யோசனை எழுதிக் கொடுத்தாள். தண்ணீர் திறக்கும் புரோகிராமைச் சின்னச் சின்னப் பெட்டிகளாகக் கட்டிவிடலாம்; கன்டெய்னர் என்பார்கள். அந்தப் பெட்டிகளைப் பல சர்வர்களின் முதுகில் ஏற்றிவிடலாம். அப்படிக் கூட்டாக நிற்பதற்குக் கிளஸ்டர் என்று பெயர். ஒரு சர்வர் படுத்தால் அதன் பெட்டியை இன்னொன்று தூக்கிக்கொள்ளும். எந்தெந்த சர்வர், எங்கே இருக்கிறது, எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று ஒரு பட்டியல் எழுத வேண்டும். ஒவ்வொன்றும் எந்தப் பகுதிக்குத் தண்ணீர் விட வேண்டும், எவ்வளவு விட வேண்டும் என்பதைச் சொல்லும் விவரங்களை எழுத வேண்டும். அவற்றை மாறிகள் என்பார்கள்; ஒரு வரிக்கு முன்னால் விடும் இடைவெளி பிசகினாலும் மிஷின் படிக்காது. இரண்டையும் எழுதிவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், மிச்சம் தானாக நடக்கும்.

பென்சில் அதை ஒரு வாரத்தில் எழுதி முடித்துவிட்டாள். அதுதான் அவள் செய்த முதல் தப்பு. வாரியத்தில் ஒரு வாரத்தில் முடிந்த எதையும் யாரும் நம்புவதில்லை. உடனே ஒரு குழு அமைத்தார்கள்.

இயக்குநர் தலைமையில் குழு கூடியது. அவர் பட்டியலின் முதல் பக்கத்தைப் புரட்டி, கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினார். அவருக்குக் கோபம் வரும் வழி அது.

"இந்த வாரியத்துக்குத் தலைமை யாரும்மா?"

"நீங்கதான் சார்," என்றாள் பென்சில்.

"நான் எங்க உக்காந்திருக்கேன்?"

"ஆறாவது மாடியில சார்."

"அப்புறம் ஏன் இதுல 'தலைமை சர்வர்கள், இடம்: அடித்தளம்'னு போட்டிருக்கு? தலைமை எப்படிம்மா ஜெனரேட்டர் பக்கத்துல இருக்கும்? அதுவும் மூணு?"

பென்சில் விளக்கினாள். தலைமை ஒன்றே ஒன்றாக இருந்தால், அது போனால் எல்லாம் போச்சு. மூன்று இருந்தால், ஒன்று விழுந்தாலும் மிச்சம் இரண்டும் ஓட்டுப் போட்டுத் தங்களுக்குள் ஒரு தலைமையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும்.

"ஓட்டா?"

இயக்குநர் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் இந்த நாற்காலிக்கு ஓட்டு வாங்கியா வந்தேன்?" என்றார் இயக்குநர். "சொல்லுங்க. யாராவது எனக்கு ஓட்டுப் போடுவீங்களா? மாட்டீங்க. எனக்குத் தெரியும். அப்படியும் வாரியம் நடக்குதா இல்லையா? தகுதி பாத்து, ஓட்டுப் போட்டுத் தலைமையைத் தேர்ந்தெடுக்கலாம்னு ஒரு மிஷினுக்குச் சொல்லிக்குடுத்தா, நாளைக்கு அது மனுஷங்களுக்கும் தொத்திக்கும். அப்புறம் இந்த மேஜையைச் சுத்தி யாரு மிஞ்சுவா?"

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, அந்தக் கருத்தை ஒருமனதாக ஏற்றார்கள்.

தலைமை சர்வர் ஒன்று என்று முடிவானது. அது ஆறாவது மாடியில், இயக்குநர் அறையில், மீன்தொட்டிக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டது. மேலே பூவேலை செய்த துணி போர்த்தினார்கள். அதன் இரைச்சலில் இயக்குநருக்கு மதியத் தூக்கம் வரவில்லை என்பதால், சாப்பாட்டுக்குப் பின்பு தேநீர் வரும்வரை அதை அணைத்துவைக்கக் கடைநிலை ஊழியருக்கு ஆணை போனது.

"மத்தியானம் தலைமை இல்லாம எப்படிடி ஓடும்?" என்று பென்சில் பெஞ்சில் உட்கார்ந்து புலம்பினாள்.

"இப்ப ஓடலையா?" என்றாள் ரிப்பன்.

இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பென்சில் யோசித்துப் பார்த்தாள். தலைமை அணைந்திருந்தாலும் மற்ற சர்வர்கள் கடைசியாகச் சொன்னதைச் செய்துகொண்டுதான் இருக்கும். புதிதாக எதையும் மாற்றத்தான் முடியாது. சமாளித்துக்கொள்ளலாம்.

அடுத்து தொழிற்சங்கச் செயலாளர் வந்தார். தலைமை சர்வர் போக மற்றவற்றைப் பட்டியலில் 'பணியாளர்' என்ற குழுவில் போட்டிருந்தாள் பென்சில். அவர் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு எடுக்கவே இல்லை.

"பணியாளர்னு எழுதிட்டு வாரம் பூரா, ராப்பகலா வேலை வாங்கறதா எழுதியிருக்கீங்க. இடைவேளை எங்க? வார விடுப்பு எங்க?"

"அது மிஷின் சார்."

"எங்களையும் நிர்வாகம் அப்படித்தாம்மா சொல்லுது. இன்னிக்கு மிஷின் லீவு இல்லாம வேலை பாத்தா, நாளைக்கு 'மிஷினைப் பாரு'ன்னு எங்களுக்குக் காட்டிப் பேசுவாங்க. எங்க ஆளுங்க வேலை செய்யறதில்லைங்கறது வேற விஷயம். ஆனா செய்யாம இருக்கற உரிமை எல்லாருக்கும் பொதுவா இருக்கணும்."

சர்வர்கள் 'சக பொறுப்பாளர்' என்று பெயர் மாற்றப்பட்டன. சுழற்சி முறையில் விடுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மாறி சேர்ந்தது. 'ஆம்', 'இல்லை' என்று இரண்டே பதில் உள்ள மாறிகளைப் பார்த்து மற்ற அதிகாரிகள் பதறிப்போனார்கள். எழுத்தில் ஆம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை அவர்கள். 'பரிசீலனையில் உள்ளது' என்று மூன்றாவது பதில் ஒன்று வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பென்சில் அதையும் சேர்த்தாள். அந்தப் பதில் வந்தால் 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளும்படி உள்ளே எழுதினாள். வாரியத்தின் நடைமுறையும் அதுதான் என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

இதுவரைக்கும் அவளுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் நடித்துக் காட்டுவாள். அவர் லிப்ட் பழுதுபார்ப்பவர், சிரித்துச் சிரித்துப் புரையேறும். "ரிப்பன் ஒருத்தி அங்க இல்லேன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும்" என்று முடிப்பாள்.

பிறகு இயக்குநர் மாறிகளின் வரிசைமுறையைப் படித்தார்.

ஒரே விவரத்தை எல்லா சர்வர்களுக்கும் பொதுவாகவும் எழுதலாம், ஒரு குழுவுக்கு மட்டும் எழுதலாம், ஒரே ஒரு சர்வருக்கும் தனியாக எழுதலாம். முரண் வந்தால் தனியாக எழுதியதுதான் செல்லும். மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏற எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பது அந்தத் தெருவைப் பார்த்துக்கொள்ளும் சர்வருக்குத்தான் தெரியும் என்பது அதன் நியாயம்.

"அதாவது, மேல சொன்னதைக் கீழ இருக்கறது மீறலாம்?" என்றார் இயக்குநர்.

"மீறறது இல்ல சார். அந்தந்த இடத்துக்கு எது சரியோ…"

"இடத்துக்கு எது சரின்னு பாக்க ஆரம்பிச்சா நான் எதுக்கும்மா? நான் ஒரு தெருவுக்குள்ளயும் போனதில்ல. ஒரு வால்வைத் தொட்டதில்ல. அதனாலதான் என்னால எல்லாத் தெருவுக்கும் ஒரே மாதிரி ஆணை போட முடியுது. விவரம் தெரிஞ்சவனுக்குத் தயக்கம் வரும். தலைமைக்குத் தயக்கம் கூடாது."

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

எல்லாவற்றையும் மிஞ்சும்படி எழுத வழி உண்டா என்று கேட்டார்கள். பென்சிலுக்குப் பொய் சொல்லத் தெரியாது. உண்டு என்றாள். பொத்தானை அழுத்தும்போது கூடவே ஒரு மதிப்பைக் கொடுத்தால், வேறு எங்கே என்ன எழுதியிருந்தாலும் அதுதான் செல்லும். அதற்கு அங்கேயே 'இயக்குநர் ஆணை' என்று பெயர் வைத்தார்கள். அது அழியாத வரியாக இருக்க வேண்டும், அதை நீக்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை என்று தீர்மானமும் ஆனது.

பென்சில் ரிப்பனைத் தாழ்வாரத்தில் பிடித்து நிறுத்தினாள்.

"ரிப்பன், அதுல ஏதாவது எழுதினா ஊரே குட்டிச்சுவர்தான். 'பகுதி'ன்னு ஒரு மாறி இருக்கு. எந்த சர்வர் எந்தப் பகுதியைப் பாத்துக்கணும்னு அதுதான் சொல்லும். அதை ஆணையில எழுதிட்டாங்கன்னு வை, எல்லா சர்வரும் அந்த ஒரே பகுதிக்குத்தான் தண்ணி விடும். புரியுதா?"

"எனக்குப் புரியாதாடி? அந்த வரியைக் காலியா விட்டுடறேன். அவருக்கு வரி இருந்தாப் போதும், அதுல என்ன இருக்குன்னு பாக்கவா போறாரு? நான் பாத்துக்கறேன்."

நான் பாத்துக்கறேன் என்று ரிப்பன் சொன்னால் பென்சிலுக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. பிரசவத்துக்குப் போனபோதும் அப்படித்தான் சொன்னாள். மாமனார் விழுந்து இடுப்பு முறிந்தபோதும் அப்படித்தான். பார்த்துக்கொண்டும் இருக்கிறாள்.

சில நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ரிப்பன் சொன்னாள்: "ஒவ்வொரு சர்வருக்கும் 'பொறுப்பாளர்'னு ஒரு மாறி போடணுமாம். மேல கேக்கறாங்க."

"பிரிவோட பேரைப் போட்டுடு."

"பிரிவெல்லாம் வேணாமாம். ஆள் பேரு வேணுமாம். சும்மா ஒப்புக்குத்தான். உன் பேரைப் போட்டுடவா?"

"போட்டுக்கோ."

"அப்புறம் உன் பாஸ்வேர்டைக் குடு. ஒரு எழுத்து மாத்தணும்னாலும் உன்னை ஆறு மாடி ஏற விடறாங்க. நானே போட்டுடறேன்."

பென்சில் கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, ரிப்பனின் உள்ளங்கையிலேயே எழுதிக் கொடுத்தாள். கூசுகிறது என்று ரிப்பன் சிரித்தாள்.

தொடக்க விழா நாளில் வாரியத்தின் முன்முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். நடுவில் புதிதாகக் கட்டிய நீரூற்று. பெரிய இடத்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். முன்வரிசையில் பட்டுத்துணி சுற்றிய நாற்காலிகள். பென்சிலுக்குக் கடைசி வரிசையில், ஒலிபெருக்கிக்குப் பின்னால் இடம் கிடைத்தது. மேடையில் ஒரு சிவப்புப் பொத்தான். அதற்குப் பக்கத்தில் மடிக்கணினியோடு ரிப்பன்.

இயக்குநர் பொத்தானை அழுத்தினார். நீரூற்று எழுந்தது. கூட்டம் கைதட்டியது.

பென்சிலும் கைதட்டினாள். தட்டிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு ஒன்று உறைத்தது. நீரூற்று அவள் எழுதிய பட்டியலில் எந்தப் பகுதியிலும் இல்லை.

நீரூற்று ஆள் உயரம் வந்தது. பந்தல் உயரம் வந்தது. பிறகு பந்தலின் துணியைத் தூக்கிக்கொண்டு மேலே போனது. "நம் வாரியத்தின் உயர்வைப் பாருங்கள்!" என்று இயக்குநர் ஒலிபெருக்கியில் முழங்கினார். முன்வரிசை முழுதாக நனைந்தது. முதலில் எழுந்து ஓடுவது யார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, மரியாதைக்காக எல்லோரும் உட்கார்ந்தே நனைந்தார்கள்.

பென்சிலின் போன் அடித்தது. கணவர்.

"ஏம்மா, உடம்பு பூரா கிரீஸ், தலை பூரா சோப்பு. குழாயைத் திறந்தா காத்து வருது. இன்னிக்குத்தானே உங்க விழா?"

"பக்கத்துத் தெருவுல வருதான்னு பாருங்க."

"அவங்க இங்க வந்து கேக்கறாங்க. ஆஸ்பத்திரியிலேயும் வரலையாம்."

அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்குப் பக்கத்தில் போனாள். கணுக்கால்வரை தண்ணீர். ரிப்பனின் மடிக்கணினித் திரையில் அந்த வரி தெரிந்தது. இயக்குநர் ஆணை. பகுதி: முன்முற்ற நீரூற்று. அளவு: அதிகபட்சம்.

"காலியா விடறேன்னு சொன்னியேடி."

"அவருதான் காலையில கூப்பிட்டு, பொத்தானை அழுத்தினா நீரூற்று எழும்பணும்னாரு," என்றாள் ரிப்பன் உதடு அசையாமல். "விழாவுக்கு மட்டும்தானே."

"ஊருல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. எல்லாம் இங்க வருது. அந்த வரியை எடுத்துட்டு மறுபடி ஓட்டு."

"இருடி. அவரு பேச்சு முடியட்டும்."

"ஆஸ்பத்திரியில தண்ணி இல்ல ரிப்பன்!"

"சத்தம் போடாதே. எல்லாரும் பாக்கறாங்க."

பென்சில் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். ரிப்பன் தடுக்கவில்லை, ஒரு அடி தள்ளி நின்றுகொண்டாள். வரியை அழித்துவிட்டு மறுபடி ஓட்டப் பார்த்தால், தலைமை சர்வர் பதில் சொல்லவில்லை. மணி மதியத்தைத் தாண்டிவிட்டது. கடைநிலை ஊழியர் கடமை தவறாதவர். வழக்கப்படி தலைமையை அணைத்து, அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு விழா பார்க்க வந்திருந்தார்.

"இயக்குநர் சொல்லாம திறக்க முடியாதும்மா."

"அவரு பேசிட்டிருக்காரு."

"அப்ப பேசி முடிக்கட்டும்."

இயக்குநர் தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதன் அவசியம் குறித்துப் பேசிக்கொண்டிருந்தார். பென்சில் அந்த ஊழியரின் இடுப்பிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். லிப்ட் வேலை செய்யவில்லை. ஆறு மாடி ஏறி, மீன்தொட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, பூவேலைத் துணியை விலக்கி, தலைமையை எழுப்பி, அழியாத அந்த வரி இல்லாமல் ஓட்டினாள். ஜன்னல் வழியே பார்த்தாள். நீரூற்று பந்தலுக்கு இறங்கி, ஆள் உயரத்துக்கு இறங்கி, ஒரு கொப்புளம் போட்டு அடங்கியது. கணவருக்குப் போன் செய்தாள். "வருது, வருது" என்று கத்தினார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள், நிம்மதியில்.

விசாரணைக் குழு கூடியபோது அவளுக்குப் பயமே இல்லை. ரிப்பன் வருகிறாள், நடந்ததைச் சொல்வாள், அவ்வளவுதானே. ரிப்பன் வந்தாள். பென்சிலுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள்.

விசாரணைக் குழுத் தலைவர் ஓய்வுபெற்ற ஒரு இயக்குநர். தற்போதைய இயக்குநரை வேலைக்குச் சேர்த்தவர்.

"இயக்குநர் ஆணை என்ற வரியில் நீரூற்று என்று எழுதியிருந்ததா?" என்று கேட்டார்.

"விதிப்படி அந்த வரி காலியாகத்தான் இருக்கும் சார்," என்றாள் ரிப்பன். "அதனால அதுல எதுவும் எழுதியிருக்க வாய்ப்பில்ல."

"எழுதியிருந்ததாகப் பதிவு காட்டுகிறதே?"

"அப்படின்னா அது இயக்குநர் ஆணையா இருக்காது சார். யாரோ எழுதினதா இருக்கும்."

"யார் என்று பதிவு சொல்கிறதா?"

ரிப்பன் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவங்க பாஸ்வேர்டுலதான் சார் எழுதியிருக்கு. பொறுப்பாளர்னு இருக்கறதும் அவங்க பேருதான். அவங்களே அன்னிக்கு வந்து அந்த வரியை அழிச்சதை எல்லாரும் பாத்தாங்க. அதை அழிக்கற அதிகாரம் யாருக்கும் கிடையாது."

அவங்க. பென்சிலுக்கு அந்தச் சொல் முதலில் யாரைக் குறிக்கிறது என்றே புரியவில்லை. வேறு யாரையோ என்று நினைத்துக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். சேர்ந்த நாளிலிருந்து வாடி, போடி, எருமை என்பதைத் தவிர வேறெதுவும் அந்த வாயிலிருந்து அவளைப் பற்றி வந்ததில்லை.

"ரிப்பன், நீதானேடி என்கிட்ட பாஸ்வேர்டு வாங்கின? உன் கையிலதானே எழுதினேன்?"

"விசாரணையில் 'டி' போட்டுப் பேசக் கூடாது," என்றார் தலைவர்.

"என்னைப் பாத்துச் சொல்லு."

ரிப்பன் பார்த்தாள். பார்த்தபடியே, "நீங்க கொஞ்சம் நிதானமாப் பேசணும்," என்றாள்.

அதற்கு மேல் பென்சிலால் பேச முடியவில்லை. அவள் மௌனத்தைக் குழு ஒப்புதல் என்று பதிவுசெய்துகொண்டது.

தலைவர் முடிவுரை வழங்கினார். "இந்த வாரியத்தில் தவறு நடந்ததே இல்லை. நானும் இருபது வருடம் இருந்தேன், ஒன்றுகூட நடக்கவில்லை. ஏனென்றால், எதையும் நடக்க விடவில்லை. இந்தப் பெண் ஒன்றை நடத்திக் காட்டியிருக்கிறார். அதுதான் பிரச்சினையின் வேர். நீரூற்றைப் பொறுத்தவரை, அது எதிர்பார்த்ததைவிட உயரமாக எழுந்திருக்கிறது. ஆகவே திட்டம் வெற்றி. திட்டம் வெற்றி என்பதால் அதில் இயக்குநருக்குப் பொறுப்பு உண்டு. தண்ணீர் வராதது தோல்வி. அதற்குப் பொறுப்பாளர் யார் என்று பட்டியலிலேயே எழுதியிருக்கிறது."

பென்சில் கணினிப் பிரிவிலிருந்து விருந்தினர் மாளிகைக் குழாய்ப் பராமரிப்புக்கு மாற்றப்பட்டாள். கணினிப் பிரிவுக்கு ரிப்பன் தலைவி ஆனாள்.

"பாஸ்வேர்டை அவ வாங்கினான்னு நீ சொல்ல வேண்டியதுதானே?" என்று கணவர் கொதித்தார்.

"சொன்னேங்க. அடுத்தவங்களுக்குக் குடுத்தது தப்புன்னு அதுக்குத் தனியா ஒரு குற்றச்சாட்டு சேத்துட்டாங்க."

அவர் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டார். மாற்றலாகிப் போன இடத்தைப் பற்றி அவளுக்குப் பெரிய வருத்தம் இல்லை. குழாயும் குழாய்தான். ராத்திரி படுத்தால் மட்டும் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்த அந்த நடை கண்ணுக்குள் வந்தது. எப்போது முடிவு செய்திருப்பாள்? உள்ளங்கையை நீட்டியபோதா? அப்போது சிரித்தாளே, அது எந்தச் சிரிப்பு? ஒவ்வொரு நாளாகப் பின்னால் போய், எந்த நாள்வரை ரிப்பன் ரிப்பனாக இருந்தாள் என்று தேடினாள். பிடிபடவில்லை. தேடத் தேட, குழந்தையை வாங்கிய நாள்கூடச் சந்தேகமாகிவிடுமோ என்று பயந்து, தேடுவதை விட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரிப்பன் வீட்டுக்கு வந்தாள், கையில் இனிப்புப் பெட்டியோடு. கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். பெண் மட்டும் "சித்தி!" என்று ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவளிடம் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. பென்சில் அவளைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பினாள்.

"என் மேல கோபமா இருக்கே," என்றாள் ரிப்பன்.

பென்சில் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள்.

"எனக்கு வேற வழி இல்லடி. இயக்குநர் பேரைச் சொல்ல முடியுமா? என் பேரைச் சொன்னா நான் நடுத்தெருவுலதான். படுத்த படுக்கையா அப்பா. எனக்கு யாரு இருக்கா? உனக்கு அவரு இருக்காரு, குழந்தை இருக்கு. நீ தாங்கிப்பேன்னு தெரியும். வேற யாராவது மாட்டியிருந்தா உடைஞ்சு போயிருப்பாங்க. யோசிச்சுப் பாத்துத்தான்…"

"யோசிச்சியா?"

"ஆமாடி. ரொம்ப."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே என் பேரைச் சொல்லியிருப்பேன்," என்றாள் பென்சில். "உங்க அப்பாவுக்காக."

அது உண்மைதான் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. ரிப்பன் இனிப்புப் பெட்டியின் நூலைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னாள். அந்த வரியை நீக்கக் கூடாது என்று தீர்மானம் இருக்கிறது. அதனால் நீரூற்றை எடுத்துவிட்டு, எல்லாத் தெருவுக்கும் ஒரே அளவு என்று எழுதி மறுபடி சேர்த்துவிட்டார்கள். சேர்த்ததிலிருந்து மூன்று தெருக்களுக்குச் சரியாகத் தண்ணீர் போகவில்லை. பிரிவில் யாருக்கும் பிடிபடவில்லை.

பென்சில் வாசலைப் பார்த்தாள். எழுந்து போகச் சொல்லலாம். மூன்று தெருவிலும் குடத்தோடு நிற்பவர்கள் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள்.

"வரியை எடுக்காதே," என்றாள். "மாறியோட பேரை மாத்து. 'கௌரவ ஆணை'ன்னு வை. அந்தப் பேருல எந்த சர்வரும் எதையும் தேடாது. அவரு சொன்னது அப்படியே இருக்கும். யாரும் கேக்க மாட்டாங்க."

ரிப்பனின் முகம் மலர்ந்தது. "எப்படிடி உனக்குத் தோணுது!" என்று கையைப் பிடிக்க வந்தாள். பென்சில் காலி டம்ளரை எடுப்பதுபோல் கையை எடுத்துக்கொண்டாள்.

ரிப்பன் வாசலில் குனிந்து செருப்பு மாட்டினாள். அவள் தெருமுனை திரும்பிக் கையசைக்கும்வரை நிலைப்படியிலேயே நிற்பது பென்சிலுக்கு வழக்கம். இன்று கதவைச் சாத்தினாள்.

சாத்திய கதவில் இரண்டு தட்டு தட்டும் சத்தம் கேட்டது. மன்னிப்புக் கேட்கத்தான் தட்டுகிறாள் என்று பென்சில் நினைத்தாள். கதவின் கைப்பிடியில் கை வைத்தாள்.

"ஏய்," என்றது வெளியே இருந்து ரிப்பனின் குரல், தணிவாக, பழைய உரிமையோடு. "அந்த வரிக்கு முன்னாடி இடைவெளி ரெண்டு விடணுமா, நாலு விடணுமா?"

பென்சில் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள்.

"ரெண்டு," என்றாள். பிறகு தாழ்ப்பாள் போட்டாள்.